எல்சாவின் சடை கைக்குள் புகுந்தது எப்படி? அனிமேஷன் படங்களில் ஒளித்து வைத்ததும் தவறி நின்றதும்

எட்டு வயது மகளோடு ‘ஃப்ரோஸன்’ பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘லெட் இட் கோ’ பாட்டில் எல்சாவின் சடை அவள் கைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்ததை மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தேடிப் போன இடத்தில், இந்தப் படத்தில் அந்தப் படத்துப் பாத்திரம் நிற்கிறது, கார் நம்பரில் ரகசியம் இருக்கிறது என்று வரிசையாக வீடியோக்கள் வந்திருக்கின்றன. “எல்லாவற்றையும் இவர்களே வரைகிறார்கள், பிறகு எப்படித் தவறு வரும்? இந்த ஒளித்து வைத்த சமாச்சாரமெல்லாம் நிஜமா, ரசிகர்கள் கட்டிவிட்டதா?” என்பது உங்கள் கேள்வி. இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: திரையில் கண்ணில் பட்ட ஒன்றை யாரோ வேண்டுமென்று வைத்தார்களா, அது தவறி வந்ததா, பார்க்கிறவர் அதை எப்படிப் பிரித்தறிவது?

நான் சென்னையில் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வேலை எடுத்துச் செய்யும் அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பதினான்கு வருடம் இருந்தவன். முதலில் காம்பாசிட்டிங், அதாவது தனித்தனியாகச் செய்த அடுக்குகளை (லேயர்களை) ஒரே படமாகச் சேர்க்கும் வேலை. கடைசி ஐந்து வருடம் க்யூசி, அதாவது முடிந்த ஷாட்டை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்துத் தவறு பிடித்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும் (ரீடேக்) வேலை. டிஸ்னியிலோ பிக்சாரிலோ நான் வேலை செய்ததில்லை. அந்தப் படங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம், அவற்றை எடுத்தவர்களே வெளியில் சொன்னதும், படத்தை நிறுத்தி நாமே பார்த்துக்கொள்ளக்கூடியதும் மட்டும். வேலை எப்படி நடக்கிறது, தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

சினிமா கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும். பின்னால் போகும் ஆட்டோ, ராஜா வேடத்தில் இருப்பவர் கழற்ற மறந்த கைக்கடிகாரம், கண்ணாடியில் தெரியும் லைட்மேன் எல்லாம் அழையாமலே உள்ளே வந்துவிடும். அனிமேஷனில் தூசிகூட அப்படி வராது. தூசி வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும், இன்னொருவர் அதற்கு வெளிச்சம் போட வேண்டும், மூன்றாமவர் அதைப் படத்தில் பொருத்த வேண்டும். அதனால் படிக்கக்கூடிய ஓர் எழுத்து, ஓர் எண், வேறு படத்தின் பாத்திரம் திரையில் தெளிவாக நிற்கிறது என்றால் அதை ஒருவர் வைத்தார் என்றே எடுத்துக்கொள்ளலாம். தவறு என்பது வேறு வகை. அது செய்த பொருளில் வருவதைவிட, ஒருவர் செய்ததும் இன்னொருவர் செய்ததும் சேரும் இடத்தில்தான் அதிகம் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வைத்தது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லாதது ஏ113 என்ற எண். கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கலைக் கல்லூரியில் கேரக்டர் அனிமேஷன் மாணவர்கள் படித்த வகுப்பறையின் எண் அது. பின்னாளில் பிக்சார் படங்களை இயக்கிய ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட் போன்றவர்கள் அங்கே 1970களில் படித்தார்கள். 1987-இல் ‘ஃபேமிலி டாக்’ என்ற தொலைக்காட்சிப் படைப்பில் பிராட் பேர்ட் அந்த எண்ணை ஒரு கார் நம்பராக வைத்தார். 1995-இல் ‘டாய் ஸ்டோரி’யில் ஆண்டியின் அம்மா ஓட்டும் வண்டிக்கும் அதே நம்பர். ‘ஃபைண்டிங் நீமோ’வில் முக்குளிப்பவரின் கேமராவில் அது இருக்கிறது. ‘அப்’ படத்தில் நீதிமன்ற அறையின் எண் அதுதான். ‘வால்-ஈ’யில் கதையையே திருப்பும் ரகசிய உத்தரவின் பெயராகவே வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ‘பிரேவ்’. கதை நடப்பது பழைய ஸ்காட்லாந்தில். கார் கிடையாது, அறை எண் கிடையாது, கேமராவும் கிடையாது. அதனால் சூனியக்காரியின் வீட்டு வாசலுக்கு மேலே அதை ரோமன் எண்ணாகச் செதுக்கி வைத்தார்கள். கதையின் காலத்தையும் கெடுக்காமல், பழக்கத்தையும் விடாமல் செய்த வேலை. நம் வீட்டில் சீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டி வைப்பார்களே, அதைப் போலத்தான் இது. சமைக்கிறவருக்கு அந்தப் பெயர் எதற்கும் தேவையில்லை. ஆனால் பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு அது பேசும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு, இதற்கு வழங்கும் ‘ஈஸ்டர் எக்’ என்ற பெயரே பதில் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் சினிமாவிலிருந்து வந்ததல்ல, வீடியோ கேமிலிருந்து வந்தது. 1980-ஐ ஒட்டி வந்த ‘அட்வெஞ்சர்’ என்ற அட்டாரி விளையாட்டை உருவாக்கியவர் வாரன் ராபினெட். விளையாட்டைச் செய்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் அப்போது அட்டாரியில் இல்லை. அவர் தன் பெயரை விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறையில் ஒளித்து வைத்தார். விளையாடிய ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு எழுதினான். ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் ஒளித்து வைத்த முட்டையைத் தேடுவது போல என்று நிறுவனத்துக்குள்ளேயே சொல்லப்போய் அந்தப் பெயர் நிலைத்தது. பெயர் போடப்படாத ஒருவர் தன் பெயரை வைத்ததுதான் இதன் ஆரம்பம் என்பது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும் விஷயம். நாங்கள் செய்த தொடர்களில் எங்கள் யாருடைய பெயரும் கடைசியில் ஓடாது, ஸ்டூடியோவின் பெயர் மட்டும் ஒரு வரி ஓடும். ஒரு சந்தைக் காட்சியின் பின்னணியில், காய்கறிப் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில், இரவு வேலையில் எங்களுக்கு டீ கொண்டுவரும் அண்ணனின் பெயரைச் சின்னதாக எழுதி வைத்தார் எங்கள் பின்னணி ஓவியர். க்யூசியில் நான் அதைப் பார்த்தேன். கதைக்கு இடைஞ்சல் இல்லை, படிக்கவும் கஷ்டம். ரீடேக் போடாமல் விட்டுவிட்டேன். அது ஒளிபரப்பாகி எங்கெங்கோ ஓடியிருக்கும். அந்த அண்ணனிடம் ஃப்ரேமை நிறுத்திக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

இந்தப் பழக்கம் கணினி வருவதற்கு முன்பே இருந்தது. 1940-இல் வந்த ‘ஃபேன்டேசியா’வில் மிக்கியின் குருவாக வரும் மந்திரவாதியின் பெயர் யென் சிட். டிஸ்னி என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருவது. 1961-இன் டால்மேஷன் படத்தில் நாய்கள் ஒன்றுக்கொன்று குரைத்துச் செய்தி அனுப்பும் காட்சியில், 1955-இன் ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ நாய்கள் சில தலைகாட்டும். 1996-இன் நோத்ர தாம் கூனன் படத்தில் பாரிஸ் தெருவை மேலிருந்து காட்டும்போது, ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்து பெல் புத்தகமும் கையுமாக நடந்து போவாள். அதே தெருவில் ஒருவர் அலாவுதீனின் கம்பளத்தை உதறிக்கொண்டிருப்பார். ‘ஹெர்குலிஸ்’ படத்தில் அவன் தோளில் கிடக்கும் சிங்கத்தோலின் முகம் ‘லயன் கிங்’ வில்லன் சிங்கம் ஸ்காரின் முகம்.

இவற்றில் ஒரு வகையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ வந்தது 2001-இல். கடைசியில் அதில் வரும் குட்டிப் பெண், சல்லி என்ற அரக்கனிடம் காட்டும் பொம்மைகளில் ஒரு நீமோ இருக்கிறது. நீமோ படம் வந்ததோ 2003-இல். அந்த நீமோ படத்தில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு பையன் ‘இன்கிரெடிபிள்ஸ்’ நாயகனின் காமிக்ஸ் படிக்கிறான். ‘இன்கிரெடிபிள்ஸ்’ வந்தது 2004-இல். இதை வைத்து எல்லாப் படமும் ஒரே உலகத்தில் நடக்கிறது என்று 2013-இல் ஒரு பெரிய கோட்பாடே ரசிகர்கள் மத்தியில் கிளம்பியது. படிக்கச் சுவையானதுதான், ஆனால் தொழிலில் இருப்பவருக்கு இதன் காரணம் கண்முன்னே தெரியும். ஒரு படம் முடிய நாலைந்து வருடம் ஆகும். ஒரே கட்டடத்தில் ஒரு படத்துக்கு வெளிச்சம் வைக்கும் வேலை நடக்கும்போது அடுத்த படத்தின் பாத்திரம் வடிவமாகிக்கொண்டிருக்கும். பொம்மை நிறைந்த அறை வேண்டும் என்றால் புதிதாக ஐம்பது பொம்மை செய்வதைவிடக் கிடங்கில் இருப்பதை எடுத்து வைப்பது சுலபம். அதே நீமோ படத்துக் காத்திருப்பு அறையின் தரையில் ஒரு பஸ் லைட்இயர் பொம்மை கிடக்கும். எது சிக்கனம், எது கையெழுத்து என்று இங்கே கோடு கிழிக்க முடியாது. பெரும்பாலும் சிக்கனமாக ஆரம்பித்து, ரசிகர்கள் கவனித்த பிறகு சம்பிரதாயமாக மாறியிருக்கும் என்பது என் எண்ணம். ‘டாய் ஸ்டோரி’யின் பீட்சா வண்டி அதற்குப் பிறகு வந்த பிக்சார் படங்களில் எல்லாம் தேடப்படும் பொருளாகிவிட்டது. ‘பிரேவ்’ படத்தில் வண்டி ஓட வழியில்லாததால் மரச்சிற்பமாக வைத்தார்கள். அங்கே சிக்கனத்துக்கு வேலையே இல்லை. முழுக்க ஆசை.

வெளி உலகத்தைச் சுட்டும் குறிப்புகள் இன்னொரு தரம். லீ அன்க்ரிச் ‘தி ஷைனிங்’ என்ற 1980-ஆம் ஆண்டு பேய்ப் படத்தின் தீவிர ரசிகர். அந்தப் படத்தில் 237 என்பது பயங்கரமான அறையின் எண். அன்க்ரிச் இயக்கிய ‘டாய் ஸ்டோரி 3’-இல் குப்பை வண்டியின் நம்பர் ஆர்எம் 237. டிரிக்சி என்ற டைனோசர் பொம்மை கணினியில் அரட்டை அடிக்கும் நண்பரின் பெயரிலும் 237. முதல் படத்தில், பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சிட்டின் வீட்டுத் தரைவிரிப்பின் அறுகோண வடிவமும் அந்தப் பேய்ப் படத்து ஹோட்டல் விரிப்பை நினைவூட்டுவது. குழந்தைக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சிட்டின் வீட்டில் ஏதோ சரியில்லை என்ற உணர்வு அந்த விரிப்பிலிருந்தும் வரும். ஒரு குறிப்பு நல்ல குறிப்பா என்று நான் அளக்கும் அளவுகோல் இதுதான்: தெரியாதவருக்கும் அது காட்சியில் ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

இதற்கு நம் ஊர்ப் பிள்ளைகளும் பார்த்து வளர்ந்த உதாரணம் 1967-இன் ‘ஜங்கிள் புக்’. மௌக்ளி தனியாக உட்கார்ந்திருக்கும்போது வரும் நான்கு கழுகுகளை நினைவிருக்கிறதா? நெற்றியில் விழும் முடி, லிவர்பூல் ஊர்ப் பேச்சு. அவை பீட்டில்ஸ் இசைக்குழுவை நினைத்து வரையப்பட்டவை. பாட்டையும் ராக் இசையில் போடத்தான் முதலில் நினைத்தார்கள். அது சீக்கிரம் பழசாகிவிடும் என்று வால்ட் டிஸ்னி கருதியதால், பழைய பாணியில் நாலு பேர் சேர்ந்திசைக்கும் பாட்டாக மாற்றினார்கள். பீட்டில்ஸ் யாரென்றே தெரியாத ஒரு பிள்ளை இன்றைக்கும் “என்ன செய்யலாம், நீ சொல்லு” என்று திரும்பத் திரும்ப அலுத்துக்கொள்ளும் அந்தக் கழுகுகளைப் பார்த்துச் சிரிக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் 1941-இல் வார்னர் எடுத்த ‘ஹாலிவுட் ஸ்டெப்ஸ் அவுட்’. முழுக்க அந்தக் கால நட்சத்திரங்களின் கேலிச்சித்திரம். அந்த முகங்கள் தெரியாவிட்டால் படத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும். ‘ஷ்ரெக் 2’-இல் கடைப் பெயர்களைத் திரித்து வைத்தது, முதல் ‘ஷ்ரெக்’கில் ஃபியோனா அந்தரத்தில் நின்று ‘மேட்ரிக்ஸ்’ பாணியில் உதைப்பது எல்லாம் வந்த சமயத்தில் அரங்கையே அதிர வைத்தன. இப்போது அவை அந்த வருடங்களின் முத்திரையாகத் தெரிகின்றன. ‘அலாவுதீன்’ படத்து ஜீனியும் நொடிக்கு ஒரு நட்சத்திரமாக மாறுவதுதான். ஆனால் ராபின் வில்லியம்ஸின் குரலும், ஜீனியை வரைந்த எரிக் கோல்ட்பெர்க்கின் வளைகோடும் தனியாகவே நிற்கும். அந்தக் கோட்டுக்கு முன்மாதிரி அல் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற கேலிச்சித்திரக்காரர். அவர் 1945-இல் மகள் பிறந்த பிறகு தன் படங்களின் தலைமுடியிலும் துணி மடிப்பிலும் ‘நினா’ என்ற அவள் பெயரை ஒளித்து வைத்தவர்.

இனி தவறுகள். 90 நிமிடப் படத்தில், விநாடிக்கு 24 என்ற கணக்கில், 1,29,600 ஃப்ரேம்கள். இது ஒரே நீளமாகச் செய்யப்படுவதில்லை. சில விநாடி நீளமுள்ள ஷாட்டுகளாக வெட்டி, கதை வரிசையில் இல்லாமல், வேறு வேறு ஆட்களிடம் கொடுப்பார்கள். ஒரு ஷாட்டை ஒருவர் ஜனவரியிலும் அதற்கு அடுத்ததை இன்னொருவர் ஆகஸ்டிலும் முடிப்பது சகஜம். ஒரே ஷாட்டுக்குள்ளேயே உடம்பை அசைப்பவர் ஒருவர், அதன் மேல் முடியும் துணியும் ஆடவிடுபவர் இன்னொருவர், வெளிச்சம் வைப்பவர் மூன்றாமவர். உடம்பை அசைப்பவரின் திரையில் பெரும்பாலும் முழு முடி இருக்காது, சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை மட்டும் இருக்கும். கை அதைத் தொடாத மாதிரிதான் அவருக்குத் தெரியும். முடி வந்து சேர்ந்த பிறகுதான் கை உள்ளே இருப்பது புலப்படும். இதைத் தொழிலில் இன்டர்செக்‌ஷன் என்போம். கணினிக்குள் இருக்கும் பொருளுக்குக் கனம் கிடையாது. இடித்தால் நிற்கும்படி யாராவது செய்து வைத்தால்தான் நிற்கும். நாற்காலியில் உட்காரும் பாத்திரத்தின் இடுப்பு நாற்காலிக்குள்ளும், நடப்பவரின் குதிகால் தரைக்குள்ளும் கொஞ்சம் புதைந்திருப்பது நீங்கள் பார்க்கும் எந்தப் படத்திலும் உண்டு. கேமராவுக்குத் தெரியாத பக்கமாக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

என் கையில் நழுவிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொடரில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சி. ஒரு ஷாட்டில் பார்வைத் திசை பொருந்தவில்லை என்று, அந்தப் பாத்திரத்தின் லேயரை அப்படியே இடவலமாகத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினோம், பார்வை சரியானது. சட்டையின் இடப்பக்கம் இருந்த பேட்ஜ் வலப்பக்கம் போய்விட்டது. மறு ஷாட்டில் திரும்ப இடப்பக்கம். நான்கு கண்கள் பார்த்தும் ஒருவருக்கும் படவில்லை, எல்லோரும் பார்வைத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எபிசோட் ஒளிபரப்பான பிறகு ஒரு சிறுமி எழுதிய கடிதத்தின் நகல் எங்களுக்கு வந்தது. அன்றிலிருந்து, திருப்பிய ஷாட் என்றால் பேட்ஜ், பாக்கெட், வகிடு, மச்சம் நான்கையும் முதலில் பார் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் தவறு தேடும்போதும் அந்த நான்கில் ஆரம்பியுங்கள்.

கையால் வரைந்த காலத்தில் தவறின் முகம் வேறு. ஒவ்வொரு பாத்திரமும் செல் என்ற தனித்தனி கண்ணாடி போன்ற தாளில் வண்ணம் தீட்டப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் படம் பிடிக்கப்படும். அடுக்கு மாறினால் முன்னால் இருக்க வேண்டிய கை ஒரு கணம் பின்னால் போகும். ஒரு தாளில் வண்ணம் விட்டுப்போனால் கண் இமைக்கும் நேரம் சட்டையின் நிறம் மாறித் திரும்பும். ‘ஸ்னோ ஒயிட்’ பற்றி டிஸ்னி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஏறக்குறைய 15 லட்சம் டாலர் செலவாகி, கடன் கழுத்தை நெரித்த 1937-இல், முடிவுக் காட்சியில் இளவரசன் நிற்கும்போது உருவம் லேசாக நடுங்குவது தெரிந்தது. சரிசெய்ய வால்ட் பணம் கேட்டார். கணக்குப் பார்த்த அண்ணன் ராய், இளவரசன் நடுங்கினால் நடுங்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். சொற்கள் அப்படியே அவை தானா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். தவறு தெரிந்தும் நேரமோ பணமோ இல்லாமல் விட்ட ஷாட் இல்லாத ஸ்டூடியோவை நான் கண்டதில்லை.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரிதும் குழப்புவது இன்னொரு வகையில். தவறு போலவே இருக்கும், ஆனால் யோசித்து எடுத்த முடிவு. ‘எ பக்ஸ் லைஃப்’ எறும்புகளுக்குக் கையும் காலுமாக நான்குதான். அதே 1998-இல் வந்த ‘ஆன்ட்ஸ்’ எறும்புகளுக்கு ஆறு. எண்ணத் தெரியாமல் செய்ததில்லை, ஆறு காலோடு அசைந்தால் பூச்சியாகத் தெரியும், நான்கென்றால் மனதுக்கு நெருங்கும். அதற்கும் முன்பு, 1955-இல் ரே ஹாரிஹவுசன் ஒரு படத்துக்குச் செய்த ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தான். எட்டையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தப் பணம் போதவில்லை. ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தில் அரக்கர்கள் சாப்பிடப் போகும் உணவகத்தின் பெயர் ஹாரிஹவுசன்ஸ் என்பது அந்தப் பெரியவருக்குச் செய்த மரியாதை. ‘ஜங்கிள் புக்’கின் லூயி ராஜா ஓர் ஒராங்குட்டான். ஒராங்குட்டான் வாழ்வது போர்னியோவிலும் சுமத்ராவிலும், மத்தியப் பிரதேசத்துக் காட்டில் கிடையாது. கிப்ளிங்கின் கதையிலும் லூயி இல்லை. 2016-இல் மறுபடி எடுத்தபோது இதைக் கவனித்து, அழிந்துபோன ஜைகாண்டோபிதிகஸ் என்ற பெருங்குரங்காக லூயியை மாற்றினார்கள். கோமாளி மீன்களில் பெண் இறந்தால் ஆண் மீன் பெண்ணாக மாறும். அந்தக் கணக்கில் நீமோவின் அப்பா கதை வேறு மாதிரி போயிருக்க வேண்டும். அதைத் தவறு என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, அப்பாவும் பிள்ளையும் என்பதே படம். ‘லயன் கிங்’ தொடக்கப் பாட்டில் கிளையில் இலை சுமந்து போகும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை, ஆப்பிரிக்காவில் இல்லை. அதைத் தவறு என்றே சொல்லலாம், கதை அதைக் கேட்கவில்லை.

நகல் என்று சொல்லப்படுவதும் இப்படியே. 1973-இன் ‘ராபின் ஹூட்’டில் மரியன் ஆடும் அடவுகள் ஸ்னோ ஒயிட் ஆடியவை. லிட்டில் ஜான் கரடி ஆடுவது ‘ஜங்கிள் புக்’ பலூ கரடியின் ஆட்டம். ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கடைசி நடனம் 1959-இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யிலிருந்து எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் சந்தேகமே இருக்காது. பழைய கோட்டின் மேல் புது உருவத்தை வரைந்திருக்கிறார்கள். இதைத் திருட்டு மாதிரிச் சொல்லும் வீடியோக்கள் அந்த வேலையின் நெருக்கடியை அறியாதவை. 2018-இன் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ வந்தபோது, புதிதாக ஸ்பைடர்மேன் ஆகும் பையன் மைல்ஸ் ஓடுவது திக்கித் திக்கி இருக்கிறது, ரெண்டர் (கணினி ஃப்ரேம்களை உருவாக்கித் தருவது) சரியில்லை என்று பலர் நினைத்தார்கள். காட்டில் மைல்ஸும் அனுபவசாலி ஸ்பைடர்மேனான பீட்டரும் தப்பி ஓடும் காட்சியில் பீட்டருக்கு விநாடிக்கு 24 நிலை, மைல்ஸுக்கு 12. புதிதாகக் கற்கும் பையன் தடுமாறுவதை அசைவின் எண்ணிக்கையிலேயே காட்டினார்கள். படத்தின் ஓரங்களில் வண்ணம் விலகித் தெரிவதும் பழைய காமிக்ஸ் அச்சில் மை விலகுவதை வேண்டுமென்றே கொண்டுவந்தது. 1998 முதல் சில பிக்சார் படங்களின் கடைசியில், பாத்திரங்கள் வசனம் மறந்து சிரிக்கும் ‘தவறிய டேக்’ வருமே, அவை ஒவ்வொன்றும் உட்கார்ந்து உழைத்துச் செய்யப்பட்டவை.

கடைசியாக, நம்பவே யோசிக்க வேண்டியவை. ‘லயன் கிங்’கில் சிம்பா விழும்போது எழும் தூசியில் ஓர் ஆபாசச் சொல் தெரிகிறது என்று 1990களில் பெரிய புகார். அது ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவின் சுருக்கமான ‘எஸ்எஃப்எக்ஸ்’ என்று அனிமேட்டர்கள் தரப்பில் விளக்கம் வந்தது. தேடச் சொன்ன பிறகு கண் எதையும் படித்துவிடும், தூசியை வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். இதற்கு மாறாக ‘தி ரெஸ்க்யூவர்ஸ்’ விவகாரம் முழு உண்மை. 1977-இன் அந்தப் படத்தில், பின்னணி ஜன்னல் ஒன்றில், ஆடையில்லாத பெண்ணின் புகைப்படம் இரண்டே ஃப்ரேம்களில் இருந்தது. 1999-இல் டிஸ்னியே 34 லட்சம் வீடியோ கேசட்டுகளைத் திரும்பப் பெற்றது. லட்சத்துக்கு மேற்பட்ட ஃப்ரேம்களில் இரண்டு என்பதால் தியேட்டரில் யாரும் பார்த்திருக்க முடியாது, வீட்டில் நிறுத்திப் பார்க்கும் வசதி வந்த பிறகுதான் அகப்பட்டது. ஜப்பானில் ‘டோட்டோரோ’ படத்தின் முடிவில் சகோதரிகளுக்கு நிழல் இல்லை, அதனால் இருவரும் இறந்துவிட்டார்கள், டோட்டோரோ எமன் என்று ஒரு வதந்தி ஓடியது. 2007-இல் படத்தை எடுத்த ஸ்டூடியோ கிப்லி வெளிப்படையாக மறுத்தது: அந்த இடத்தில் நிழல் தேவையில்லை என்று வரையாமல் விட்டோம், அவ்வளவுதான் என்றது. எனக்கு அந்தப் பதில் முழு நிறைவு. நிழல் என்பது இன்னொரு லேயர், இன்னொரு நாள் வேலை. ஒன்று இல்லாததை வைத்துக் கதை கட்டும்போது மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். இருப்பதற்கு ஒருவர் காரணம், இல்லாததற்குப் பெரும்பாலும் நேரமின்மை காரணம். இன்னொன்று, ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் உண்டு. ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ வரிசையின் 2023-ஆம் ஆண்டுப் படம் தியேட்டர்களிலேயே சின்னச் சின்ன வித்தியாசங்களோடு ஓடியது. ‘ஜூடோபியா’வில் செய்தி வாசிக்கும் விலங்கு நாட்டுக்கு நாடு மாறும், சீனாவில் பாண்டா, ஆஸ்திரேலியாவில் கோலா. “நான் பார்த்தேன்”, “அப்படி இல்லவே இல்லை” என்று இருவர் சண்டை போடும்போது இருவருமே சரியாக இருக்கலாம்.

உங்கள் மகளின் சடைக்கு வருகிறேன். அவள் பார்த்தது நிஜம். கொண்டையை அவிழ்த்து, முதுகுப்பக்கம் விழுந்த சடையை இடது தோளுக்கு முன்னால் கொண்டுவரும் அந்தச் சில ஃப்ரேம்களில் சடை இடக்கைக்குள் போய் வெளியே வருகிறது. எல்சாவுக்கு மட்டும் சுமார் 4,20,000 முடியிழைகள் என்று அப்போது சொன்னார்கள். நிஜத்தில் ஒருவர் அதைச் செய்ய வேண்டுமானால் கையைத் தாழ்த்திச் சடையை மேலே சுற்றி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாட்டின் தாளத்தில் விழும் அந்த வீச்சு செத்துவிடும். அத்தனை பெரிய ஷாட்டைப் பெரிய திரையில் பத்துப் பேர் பலமுறை பார்த்திருப்பார்கள். அதனால் தெரிந்தே விட்டார்கள் என்பது என் தொழில் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். என் மேஜைக்கு அந்த ஷாட் வந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த முறை படத்தைப் போடும்போது மகளை இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். முடிசூட்டு நாளில் கோட்டைக் கதவு திறந்து, ஆன்னா பாடிக்கொண்டே வெளியே வருவாள். அப்போது உள்ளே வரும் விருந்தினர் கூட்டத்தில் குட்டையான பழுப்பு முடியோடு ஒரு பெண்ணும் பக்கத்தில் ஓர் இளைஞனும் இருப்பார்கள். ‘டேங்கில்ட்’ பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்துவிடும் யாரென்று.